வலிக்காத இடம்

போன வாரம் சிராங்கூன் சாலைக் கண்ணாடிக் கடையில் என் கண்ணைச் சோதித்த பெண், "மின்னல் மாதிரி ஏதாச்சும் அடிக்குதா ஆன்ட்டி? அடிச்சா வெயிட் பண்ணாதீங்க, உடனே ஆஸ்பத்திரிக்குப் போயிடணும்" என்று சாதாரணமாகச் சொன்னாள். எனக்குச் சுர்ரென்று கோபம் ஏறியது. பாவம், அந்தப் பிள்ளை மேல் இல்லை. இந்த ஒரு வரியைச் சொல்ல அன்றைக்கு ஆளில்லாமல் போனதே என்றுதான்.

அவள் கருவியைத் துடைத்த ஸ்பிரிட் வாசனை வேறு. பிடோக்கில் நான் வேலை பார்த்த சிப் தொழிற்சாலை முழுக்க அந்த வாசனைதான் அடிக்கும். முடியைவிட மெல்லிய தங்கக் கம்பி சிப்பில் சரியாக ஒட்டியிருக்கிறதா என்று மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பது எங்கள் வேலை. ஒன்பது பெண்கள். நான் லைன் லீடர். சட்டையில் சிவப்பு பேட்ஜ் குத்திக்கொண்டு நான் நடந்த நடையை நினைத்தால் இப்போது கூச்சமாக இருக்கிறது.

அவர்களில் ஸ்டெல்லா உட்லண்ட்ஸிலிருந்து வருவாள். கனத்த கண்ணாடி போட்டிருந்தாலும் மைக்ரோஸ்கோப்பில் அவளை மிஞ்ச ஆளில்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச் பூசையில் பாடியதைத் திங்கட்கிழமை எங்களுக்குப் பாடிக் காட்டுவாள். ஒரு திங்கட்கிழமை பாடவில்லை.

"அக்கா, இடது கண்ணு ஓரத்துல கேமரா ஃபிளாஷ் மாதிரி அடிக்குது. கொசு மாதிரி கறுப்பா வேற பறக்குது."

சூப்பர்வைசர் மோகனிடம் அழைத்துப் போனேன்.

"வலிக்குதா?" என்று கேட்டார்.

"இல்லண்ணே."

"அப்புறம் என்ன லா? டயர்டா இருக்கும். காப்பி குடிச்சிட்டு வா. வெள்ளிக்கிழமை ஷிப்மெண்ட் இருக்கு."

நான் மறுத்துப் பேசவில்லை. அதோடு விட்டிருந்தாலாவது பரவாயில்லை. "வெள்ளிக்கிழமை வரைக்கும் சமாளிச்சுக்கோ" என்று நானும் அவளிடம் சொன்னேன். மோகன் மேல் உள்ள கோபத்தில் பாதி எனக்கே சேர வேண்டியது.

வியாழக்கிழமை காலை வலது கண்ணைக் கசக்கியபோதுதான் அவளுக்கே தெரிந்தது, இடது கண்ணில் பாதிக்கு மேல் கறுப்புத் திரை. ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். டாக்டர் தாளில் வரைந்து காட்டினார். கண்ணின் உள்சுவரில் படிந்திருக்கும் விழித்திரை நரம்புத் திசுவாம், மூளையின் ஒரு பகுதி போலத்தானாம். அது கிழிந்து உரிந்திருந்தது. அதற்கு வலி தெரியாது. இழுத்தாலும் கிழித்தாலும் மூளைக்கு வெளிச்சம் என்ற ஒரே செய்தியைத்தான் அனுப்பும். அவள் பார்த்த மின்னல் அதுதான். இரண்டு கண்ணும் திறந்திருந்தால் ஒன்றின் குறையை மற்றதைக்கொண்டு மூளை நிரப்பிவிடுமாம். திங்கட்கிழமையே வந்திருந்தால், நேரெதிரே இருப்பதைக் காட்டும் நடுப்பார்வையைக் காப்பாற்றியிருக்கலாம் என்றார்.

அறுவை சிகிச்சையில் விழித்திரை ஒட்டியது. நடுப்பார்வை திரும்பவில்லை.

சில நாள் கழித்து என்னை மேனேஜர் அறைக்குக் கூப்பிட்டார்கள். ஸ்டெல்லா கண்ணைப் பற்றி முன்கூட்டி எதுவும் சொல்லவில்லை, தப்பு அவளுடையதுதான் என்று டைப் அடித்த தாள் மேசை மேல் இருந்தது. மோகன் பேனாவை நீட்டி, "ஃபார்மாலிட்டிதான் லா. சைன் பண்ணிடு" என்றார்.

"உங்ககிட்டதானே வந்து சொன்னா? வலிக்குதான்னு கேட்டீங்களே, மறந்துபோச்சா?" என்று நான் போட்ட சத்தம் லைன் வரைக்கும் கேட்டதாம். அந்தத் தாளின் குறுக்கே எழுதினேன்: திங்கட்கிழமை காலையே அவள் சொன்னாள், மோகனும் நானும் அவளை ஆஸ்பத்திரிக்கு அனுப்பவில்லை. அதன் கீழே கையெழுத்துப் போட்டேன். பேட்ஜ் போயிற்று. ஆனால் அந்தத் தாளைக் காட்டி ஸ்டெல்லாவை வேலையிலிருந்து நிறுத்த அவர்களால் முடியவில்லை, பேக்கிங்குக்கு மாற்றினார்கள். மோகன் கடைசிவரை அவளிடம் ஒரு வார்த்தை வருத்தம் சொல்லவில்லை.

பிறகு தொழிற்சாலை எல்லை தாண்டி ஜொகூருக்குப் போய்விட்டது. கட்டடத்தை இடித்துப் பணக்காரர்களுக்குக் கொண்டோ வீடுகள் கட்டினார்கள். எங்கள் லைன் இருந்த பக்கம் இப்போது நீச்சல்குளம். ஒன்பது பேரில் நான் இன்னும் பார்ப்பது ஸ்டெல்லாவை மட்டும்தான். ஒருநாள் தேக்கா சந்தையில் தேநீர் குடிக்கும்போது, வலது கண்ணைக் கையால் மூடிக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"முடி தெரியுது, தோடு தெரியுது. மூஞ்சியத்தான் காணோம்க்கா" என்று சிரித்தாள்.

என்னால் சிரிக்க முடியவில்லை.