நாளொரு பூச்சு

பொறுமையைப் பாடாத பழம்புலவர் இல்லை. நிலத்தின் பொறுமையைப் பாடினார்கள். தவத்தோரின் பொறுமையைப் பாடினார்கள். தாயின் பொறுமையைப் பாடிப் பாடித் தாய்மாருக்கே அலுக்கச் செய்தார்கள். பூச்சின் ஈரம் காயாத பத்து நகங்களை விரித்து வைத்துக்கொண்டு, மூக்கு அரித்தாலும் சொறியாமல், அடுப்பில் பால் பொங்கினாலும் பதறாமல் நாற்காலியில் வீற்றிருக்கும் பொறுமையை மட்டும் ஒருவரும் பாடினாரில்லை. அப்பொறுமை குறைவற வாய்த்தவள், படகுத்துறையில் பயணச்சீட்டு கொடுக்கும் மூன்றாம் ஜன்னல்காரி.

வேறெந்தப் பொறுமையும் அவளுக்கு இல்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுவது நேர்மை. ஜன்னலுக்கு வந்த பிறகு சட்டைப்பையைத் துழாவுகிறவர்களிடம் இல்லை. எந்த ஊருக்குப் போகிறோம் என்று மனைவியைக் கேட்கிறவர்களிடம் இல்லை. சிவப்பு என்றால் ஒரே சிவப்புதான் என்று நினைக்கிற மனிதகுலத்தின் பெரும்பகுதியிடம் அறவே இல்லை.

அவளுடைய ஜன்னலில் வெயிலுக்காகக் கருங்கண்ணாடி பதித்திருந்தார்கள். அடியில் பிறை வடிவில் ஒரு திறப்பு. வெளியே நிற்பவர்க்கு அவள் முகம் தெரியாது. கைகள் மட்டுமே தெரியும். உள்ளிருக்கும் அவளுக்கோ ஆறு முழுவதும் தெரியும். ஒரு படகு போய் மறுபடகு வருமுன் நீர் எத்தனை நிறம் காட்டுகிறது என்று பார்த்திருப்பாள். அந்த மர நாற்காலியை அரியாசனம் கொடுத்தாலும் மாற்றிக்கொள்ள மாட்டாள்.

வீட்டில் அவள் செய்தது இதுதான். ஜெல்லி நகப்பூச்சு என்று ஒரு வகை உண்டு. சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தாற்போல் நகத்தை மூடிவிடாமல், ஊடே பார்க்க விடுவது அது. ஒரு முறை பூசினால் நீரில் கரைத்த செம்மை. நகத்தின் வெண்முனை அப்படியே தெரியும். மேலே மறுபூச்சு ஏறினால் செம்மை ஆழும், வெண்முனை மங்கும். அடியில் மஞ்சள் இட்டுச் சிவப்பேற்றினால் அது கனல். நீலம் இட்டு அதே சிவப்பை ஏற்றினால் அது திராட்சை. தண்ணீர் பாட்டிலை நீளவாக்கில் நறுக்கி, அந்தப் பிளாஸ்டிக் கீற்றுகளில் முதலில் பூசி, சமையலறைச் சாளரத்தில் ஒட்டிப் பகல் வெளிச்சத்தில் ஒப்பிடுவாள். குப்பிக்குள் இரட்டைப்பிள்ளைகள் போல் இருந்த இரு சிவப்புகள், கீற்றில் ஏறியதும் ஒன்று செங்கல்லாகவும் ஒன்று மாதுளையாகவும் பிரிந்துவிடும். அந்தப் பிரிவைக் கண்ட நாளில் அவள் முகத்தில் ஒரு சாந்தம் தவழும். வீட்டார் அதைக் கண்டு நடுங்குவார்கள். அடுத்து அவர்களைக் கூப்பிட்டுக் கேட்கப்போகிறாள்.

கணவர் இரும்புக் கதவு செய்யும் பட்டறையில் பற்றவைப்பவர். நாளெல்லாம் நெருப்புப் பொறியைப் பார்த்த கண்கள்.

"இந்த விரலையும் அந்த விரலையும் பாருங்க. என்ன வித்தியாசம்?"

அவர் நெடுநேரம் பார்த்தார். "ரெண்டும் உன் விரல்தான்."

"உங்களைக் கேட்டேன் பாருங்க."

இப்படிப்பட்டவள் வேலைபார்க்கும் துறைக்குத்தான் புதிதாக ஒரு மேற்பார்வையாளர் வந்து சேர்ந்தார். வந்தவர் எதையாவது மாற்றியாக வேண்டும். படகுகள் தாமதமாக வந்தன; அதை மாற்ற ஆற்றோடும் எந்திரத்தோடும் போராட வேண்டும். ஊழியர் நகங்களை மாற்றுவது எளிது. சீட்டு கொடுக்கும் கைகளில் நிறம் இருக்கலாகாது என்று ஆணையிட்டார். மீறுகிறவர் ஜன்னலை இழந்து, காணாமற்போன பொருள்களைச் சேர்த்துவைக்கும் பின்னறைக்குப் போக வேண்டும். அது சாளரமற்ற அறை. மறந்து விட்டுப்போன குடைகளின் ஈரவாடையும், ஒற்றைச் செருப்புகளும், பகலிலும் எரியும் ஒரு குழல்விளக்குமே அங்குத் துணை.

காலைதோறும் ஐந்து ஜன்னல்காரர்களும் மேசைமேல் கைகளைப் பரப்ப, அவர் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு குனிந்து பார்ப்பார்.

"நேத்துப் பார்த்தது இன்னிக்கும் என் கண்ணுல அப்படியே நிக்கும். ஏமாத்தலாம்னு நினைக்காதீங்க."

முந்தாநாள் பார்த்தது நிற்கும் என்று அவர் சொல்லவில்லை. மூன்றாம் ஜன்னல்காரி அதைக் கவனித்தாள். ஒரே பூச்சோடு அவள் அன்று போயிருந்தாள். நகத்தின் இயல்பு நிறம் என்று அவர் தலையசைத்தார். மறுநாள் அதன்மேல் இன்னொன்று. அவர் முந்தினநாளோடு ஒப்பிட்டார், மாற்றமில்லை என்றார். மூன்றாம் நாளும் அவ்வாறே. நாளொரு மேனியும் பொழுதொரு வண்ணமுமாக அந்நகங்கள் வளர்ந்தன. முனை உதிர்ந்த இடத்தை மாலையில் செப்பனிட்டு, அன்றைக்குரிய மெல்லிய ஒன்றை ஏற்றி, காயும்வரை அசையாதிருப்பாள். ரோஜா இதழாகத் தொடங்கியது மாதுளை முத்தாகி, மாதுளையும் கடந்து இருண்ட செம்மணியாக நின்றபோதும், "நேத்து மாதிரியேதான் இருக்கு, போம்மா," என்றார் அவர். மேற்பார்வை என்ற சொல்லுக்கு மேலாகப் பார்ப்பது என்றே பொருள் கொண்ட மகானுபாவர்.

நான்காம் ஜன்னலில் அவளுடைய நாத்தனார் இருந்தாள். கணவரின் தங்கை, அதே வீட்டில் வாழ்பவள். எதையும் காயவிடாதவள், ஈரத்துணியை உடுத்திக்கொண்டு நடக்கும்போதே காய்ந்துவிடும் என்பாள். ஒருநாள் மாலை அண்ணியின் குப்பியைத் தூக்கிக்கொண்டு மின்விசிறிக்கடியில் உட்கார்ந்தாள்.

"இன்னிக்கு ஒண்ணு போடு. நாளைக்கு அடுத்தது," என்றாள் அண்ணி.

"ஒவ்வொண்ணா போட்டு நான் எப்ப அழகாகிறது அண்ணி? நாலையும் இன்னிக்கே முடிச்சுடறேன்."

"உனக்கு எதுக்கு இது? கேட்டுக்கு அடிக்கிற பெயின்ட் உங்க அண்ணன்கிட்ட இருக்கு. ஒரே இழுப்புல முடிஞ்சுடும்."

"உங்க கையை மட்டும் சார் தினமும் விட்டுடறாரே. என் கையில என்ன குறை?"

"கையில ஒண்ணும் குறையில்ல."

நாத்தனார் சிரித்துக்கொண்டே பூசினாள். நான்கு பூச்சும் ஒன்றன் ஈரத்தில் ஒன்று ஒட்டிச் சுருங்கி, பாலாடை போல் மடிந்தன. ஆயினும் நிறம் இளஞ்சிவப்பைத் தாண்டவில்லை.

மறுநாள் காலை மேற்பார்வையாளர் நான்காம் ஜன்னலின் கைகளுக்கு வந்ததும் துள்ளி நிமிர்ந்தார். நேற்று வெறும் நகம், இன்று நிறம். ஒப்பிட அவரறிந்த ஒரே முறை பலன் தந்துவிட்டது.

"என்னம்மா இது? நேத்து இல்லையே?"

"லேசாத்தான் சார்."

"லேசா? பளிச்சுன்னு கண்ணைக் குத்துது. பக்கத்துல உன் அண்ணி கையைப் பாரு." மூன்றாம் ஜன்னல்காரியின் வலக்கையைத் தூக்கி மற்றவர்களுக்குக் காட்டினார். "கைன்னா இப்படி இருக்கணும். ஒரு நிறம் இருக்கா? எவ்வளவு சுத்தமா இருக்கு. நீ இன்னையிலேருந்து பின்னறையில குடை எண்ணு."

ஐந்தாம் ஜன்னல் பெரியவருக்குத் திடீரென்று இருமல் வந்தது. நாத்தனார் அண்ணியின் நகத்தைப் பார்த்தாள், அண்ணியின் முகத்தைப் பார்த்தாள், கண்கள் நிரம்பின. வாயைத் திறக்கவில்லை. அவசரக்காரிதான், காட்டிக்கொடுப்பவள் அல்லள்.

மூன்றாம் ஜன்னல்காரி வாளாவிருந்தால் ஆறும் நாற்காலியும் அவளுடையவை. நாத்தனாருக்காக அவள் மனம் இளகியது என்று எழுதினால் அழகாக இருக்கும். ஆனால் அது பொய். சுருங்கிப்போன அந்தப் பூச்சைப் பார்க்கையில், குடை எண்ணுவது குறைந்த தண்டனை என்றே அவளுக்குத் தோன்றியது. அவளால் தாளமுடியாதது வேறு. மாலை மாலையாக மூச்சடக்கி ஏற்றிய செம்மணி நிறத்தை, ஒரு நிறமும் இல்லை என்று ஒரு மனிதர் நாலுபேர் முன்னால் சொல்லிவிட்டார். அவர் பாராட்டு அவளுக்கு அறைந்தாற்போல் இருந்தது.

"சார், ஒரு நிமிஷம்." மேசையிலிருந்த வெள்ளைத்தாளை இழுத்து, நாத்தனாரின் கையையும் தன் கையையும் அருகருகே அதன்மேல் வைத்தாள். "அவ கையில நிறம் இருக்குன்னா, என் கையில இருக்கறது என்ன?"

அவர் பார்த்தார். முதன்முறையாக, நேற்றோடு ஒப்பிடாமல் பார்த்தார். வெளிறிய இளஞ்சிவப்புக்குப் பக்கத்தில் அந்த இருண்ட செம்மை, தாளே சிவக்கும்படி கிடந்தது.

"இதை... எப்ப போட்டே?"

"தினமும் போட்டேன். தினமும் நீங்கதான் பார்த்தீங்க."

"சொல்லலையே நீ."

"நீங்க கேக்கலையே. நேத்து மாதிரியேதான் இருக்குன்னு அனுப்பினீங்க."

தண்டிப்பதானால், இத்தனை நாள் தம் கண்ணாலேயே பார்த்து அனுமதி கொடுத்தவரையும் அந்தப் பின்னறைக்கு அனுப்ப வேண்டிவரும். அவர் நிமிர்ந்து கூரையைப் பார்த்தார்.

"இந்த ட்யூப்லைட் சரியில்ல," என்றார். "இந்த வெளிச்சத்துல யார் கையையும் பார்க்க முடியாது. லைட்டை மாத்தின பிறகு பார்த்துக்கலாம். படகு வருது, எல்லாரும் ஜன்னலுக்குப் போங்க."

அந்த விளக்கு இன்றளவும் மாற்றப்படவில்லை. தம் சாயம் வெளுக்காமல் காப்பது அதுவே என்று அவருக்குத் தெரியும்.

வீடு திரும்பும் வழியில் நாத்தனார் மெல்லக் கேட்டாள்: "எனக்காகவா அண்ணி சொன்னீங்க?"

"உனக்காகவா? உன் நகத்தைப் பார்த்தா எனக்குக் கூசுது. போனதும் முதல் வேலையா அதை அழி. ஒண்ணே ஒண்ணு பூசு. காயற வரைக்கும் வாயைத் திறக்காம உட்காரு."

அன்று மாலை இருவரும் சமையலறைச் சாளரத்தருகே விரல்களை விரித்தபடி வீற்றிருந்தார்கள். நாத்தனார் இரண்டு முறை எழ முயன்றாள். இரண்டு முறையும் அண்ணியின் ஒரு பார்வை அவளை உட்காரவைத்தது. அடுப்பில் பொங்கிய பாலை, பட்டறையிலிருந்து திரும்பிய கணவர்தாம் இறக்கிவைத்தார்.

அந்த இல்லம் வாழ்க. அதன் சாளரத்தில் பகலொளி குறையாதிருக்க. அங்குள்ள குப்பிகள் வாய் இறுகாமலும், கூழாய்த் தடிக்காமலும் நெடுநாள் இருக்க. பற்றவைப்பவரின் கண்களுக்கு ஒருநாளேனும் இரு சிவப்பும் இரண்டாகத் தோன்றுக. பூச்சு காயும் பொழுதளவேனும் அவ்வீட்டார் ஒருவரையொருவர் பொறுத்திருக்க, எல்லா நிறமும் படைத்தவன் அருள்க.