இத்தாக் காலத்து மிஸ்வாக்

என் கணவர் மௌத்தாகி, மூன்றாம் நாள் கத்தம் ஓதி முடிந்த அன்று, அவருடைய ராத்தா குளியலறைக்குள் போய் என் பற்பசையை எடுத்து முகர்ந்து பார்த்தார். அவருக்கு மூத்தவர், எனக்கு மதினி முறை.

"இதுவும் வாசம்தான் புள்ள. இத்தாவுல வாசம் கூடாது. அங்கால எடுத்து வையி."

பவுடரும் வாசனைச் சவர்க்காரமும் ஏற்கெனவே அலுமாரிக்குள் போய்விட்டன. கணவனை இழந்தவள் இத்தா என்று நாலு மாதமும் பத்து நாளும் அலங்காரமில்லாமல் வீட்டோடு இருக்க வேண்டும் என்பது மார்க்கம். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் பல் துலக்கி யாரை மயக்கப் போகிறேன், சொல்லுங்கள்? சண்டை பிடிக்க உடம்பில் தெம்பில்லை.

மகள்தான் வழி சொன்னாள். "வாப்பாட மிஸ்வாக் கிடக்குதானே உம்மா. இப்ப எல்லாரும் இயற்கைதான் நல்லம் எண்டு அதுக்குத்தான் திரும்புறாங்க. போன்ல பாருங்களன். உங்கட உடம்பையும் கொஞ்சம் கவனிக்கோணும்."

அந்தக் குச்சியை அவர் எப்போதும் சட்டைப் பையில் வைத்திருப்பார். தொழுகைக்கு முகம் கைகால் கழுவி உளூச் செய்யுமுன் பல்லில் தேய்ப்பார். நுனி நைந்து போனால் பிளேட்டால் வெட்டிவிட்டு, புதிதாகக் கடித்து நார் எடுப்பார். "கட்டை சப்புற மனிசன்" என்று எத்தனையோ தரம் நக்கலடித்திருக்கிறேன். "ஒருக்கா வெச்சுப் பாருகா" என்பார். கார்ப்பு எனக்கு ஒத்துவராது என்று தட்டிக்கழித்தேன். மக்காவுக்கு உம்றாப் பயணம் போனவர்கள் கொடுத்த புதுக் குச்சிகள் மேசை லாச்சியில் ஒரு கட்டாகக் கிடந்தன.

ஒன்றை எடுத்து வாயில் வைத்தேன். கார்ப்பு நாக்கில் ஏறியதும் அழுகை வந்துவிட்டது. அது அவருடைய வாய் மணம். ஐந்து நேரமும் கிணற்றடியில் குந்தியிருந்து காறித் துப்பும் மனிதர் பக்கத்திலேயே நிற்பது போலிருந்தது.

அதன் பிறகு அதை விட முடியவில்லை. குச்சியை ஊறப்போட வேண்டும், மெதுவாகத் தேய்க்க வேண்டும் என்பதெல்லாம் எனக்கு யார் சொன்னார்கள்? காய்ந்த கட்டையை வைத்து சட்டி தேய்ப்பது போலத் தேய்த்தேன். பல்முரசு கிழிந்து இரத்தம் வந்தது. ஏற்கெனவே சொத்தையாய் இருந்த கடைவாய்ப் பல்லும் குத்தத் தொடங்கியது. கராம்பு வைத்தேன், உப்புத் தண்ணீரில் கொப்பளித்தேன், குச்சியை மட்டும் விடவில்லை.

கன்னம் வீங்கியதும் மகள் கண்டுவிட்டாள். "வாங்க உம்மா, கல்முனைக்குப் போய்ப் பல்லைக் காட்டுவம்."

மதினி குறுக்கே வந்தார். "இத்தாவுல இருக்கிற பொம்புள றோட்டால போறதா? ஊர் என்ன கதைக்கும்?"

மகள் விடவில்லை. பள்ளி மௌலவிக்குப் போன் எடுத்தாள். மருந்துக்குப் போகத் தடையில்லை, நோவைத் தாங்கிக்கொண்டு கிடக்கச் சொல்லி மார்க்கத்தில் எங்கே இருக்கிறது என்று அவர் சத்தம் போட்டது எனக்கே கேட்டது. மதினி எழுந்து அடுப்படிக்குப் போனார்.

"நான் வரல்ல" என்றேன்.

மகள் திகைத்துப்போனாள். அவளுக்கு எப்படி விளங்கப்படுத்துவது? இந்த வாசலுக்குள் இருக்கும்வரை நான் அவருடைய மனைவி. வாசலைத் தாண்டினால் நான் ஒரு விதவை. பல் போனால் போகட்டும் என்று இருந்தேன்.

காய்ச்சல் வந்து வாய் திறக்க முடியாமற்போனபோது என் சம்மதத்தை யாரும் கேட்கவில்லை. மருமகன் ஓட்டோவை வாசலோடு கொண்டுவந்து நிறுத்தினார். இரண்டு பக்கமும் திரை போட்டிருந்தது. வழியில் ஓட்டோ கொஞ்சம் மெதுவாகப் போனது. திரையை விலக்கிப் பார்த்தேன். மையவாடி. மதிலுக்கு மேலால் மணல் மேடுகளும் தலைமாட்டில் நட்ட மீசான் கட்டைகளும் தெரிந்தன. ஆண்கள்தான் அவரைக் கொண்டுபோய் அடக்கினார்கள். நான் வீட்டுக்குள் இருந்தேன். அதில் எது அவர்? யா அல்லாஹ், எனக்கு அதுகூடத் தெரியவில்லை. ஓட்டோ தாண்டிப் போய்விட்டது.

முதலே வந்திருந்தால் பல்லைக் காப்பாற்றியிருக்கலாம் என்றார் டொக்டர். பிடுங்கிய பல்லை வாங்கிப் பஞ்சில் சுற்றி மகளின் கையில் கொடுத்தேன். நகமோ பல்லோ, எங்கள் பக்கத்தில் கண்ட இடத்தில் வீசமாட்டோம், மண்ணுக்குள் தாட்டுவோம்.

வீட்டுக்கு வந்ததும் மகள் பின்வளவில் மாமரத்தடியைத் தோண்டப் போனாள். நான் தடுத்தேன். வாய் மரத்திருந்தது, சொற்கள் குழறின.

"மகன்," என்று மருமகனைக் கூப்பிட்டேன். "வெள்ளிக்கிழமை நீங்க மாமாட கபுறடிக்குப் போவீங்கதானே. இதையும் கொண்டு போங்க."

அவர் என் முகத்தைப் பார்த்தார். "சரி மாமி" என்று பஞ்சை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

ஜும்ஆ முடிந்து வந்தபோது அவருடைய நகக்கண்ணில் மணல் இருந்தது.

"தலைமாட்டுப் பக்கம் தாட்டிருக்கன் மாமி."

ஓம் என்று தலையாட்டினேன். வீட்டோடு இருக்க வேண்டிய நாட்கள் எனக்கு இன்னும் மிச்சமிருந்தன. என் பல் எனக்கு முன்னால் அவரிடம் போய்ச் சேர்ந்துவிட்டது.