குழுவில் நான் தட்டிவிட்ட செய்தி

அரசுத் தேர்வுக்குப் படிக்கிற எங்கள் வாட்ஸ்அப் குழுவுக்கு நான்தான் அட்மின். செஞ்சியைச் சுற்றியுள்ள ஊர்ப் பெண்கள் அதில் இருந்தோம்.

தேர்வன்று காலையில் மழை. 'தேர்வு தள்ளிவைப்பு' என்று எங்கிருந்தோ வந்த செய்தியை, விசாரிக்காமல் குழுவில் தட்டிவிட்டேன்.

"எதுக்கும் ஒரு எட்டு போய்ப் பாத்துடலாம் வா" என்று என் நைனா வண்டியை எடுத்தார். தேர்வு மையத்தில் எல்லோரும் உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். 'அது பொய், உடனே கிளம்புங்க' என்று குழுவில் போட்டேன். தொண்டூர் மஞ்சுளா மட்டும் பார்க்கவில்லை. போன் செய்தால் அவள் அம்மா எடுத்தார்.

"பரீட்சை இல்லன்னு நாத்து நட போய்ட்டாளேம்மா. இன்னா விஷயம்?"

நான் சொல்லி முடிப்பதற்குள் கேட்டைச் சாத்த வந்துவிட்டார்கள். போனை நைனாவிடம் கொடுத்துவிட்டு உள்ளே ஓடினேன். எனக்கும் மஞ்சுளாவுக்கும் ஒரே அறை. அவள் மேசை கடைசிவரை காலியாகவே கிடந்தது.

சாயங்காலம் அவளைக் கூப்பிட்டேன். திட்டட்டும் என்று காத்திருந்தேன்.

"வேற யார் அனுப்பியிருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன்க்கா. நீ அனுப்புனதுனாலதான் போனை வீட்லயே வெச்சிட்டுப் போனேன்" என்றாள்.

இன்னும் அவள் குழுவில்தான் இருக்கிறாள். வெளியேறியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.