அல்போன்சுக்கான ஏழு கேள்விகள்

குருநகர் றெஜினாவுக்கு நண்டுச் சதை பிரிக்கும் வேலை. ஒன்பது வருடங்களுக்கு முன் கடலுக்குப் போன அவளுடைய தம்பி அல்போன்ஸ் திரும்பி வரவில்லை. உடலும் கரையொதுங்கவில்லை. அதனால், நவம்பரில் இறந்தோருக்கான பூசையில் வாசிக்க அவன் பெயரைக் கொடுக்க அவள் ஒருபோதும் சம்மதித்ததில்லை.

"உம்மடை தம்பியைக் கண்டனாங்கள்" என்று போன் எடுக்கிற புளுகர்களுக்குக் குறைவில்லை. அவர்களைப் பிடிக்கத்தான், அவனுக்கு மட்டுமே விடை தெரிந்த ஏழு கேள்விகளைக் கொப்பியில் எழுதிவைத்தாள். சின்ன வயதுப் பட்டப்பெயர் என்ன? எந்தக் காலில் தழும்பு? ஏழாவதாக, வீட்டில் கடைசியாக என்ன சாப்பிட்டாய்? ஒருவரும் இரண்டைத் தாண்டவில்லை.

போன வருடம் மகள் ஜெனிற்றா அந்தக் கேள்விகளை விளையாட்டாக முகநூலில் போட்டாள். 'ஏழுக்கும் பதில் எழுது. பிறகு, கேட்டவரிடம் நீயும் ஒன்று கேள்.' அது நீர்வேலி, பாரிஸ், ரொறன்ரோ என்று பரவியது. ஊர்பேர் தெரியாதவர்களெல்லாம் தங்கள் தழும்புகளைப் பற்றி எழுதினார்கள். றெஜினா மகளைத் திட்டித் தீர்த்தாள். ஆனாலும் வேலையால் வந்ததும் ஒன்று விடாமல் வாசித்தாள்.

ஒக்ரோபர் கடைசியில், படமில்லாத ஒரு பக்கத்திலிருந்து பதில் வந்தது. பட்டப்பெயர் சரி. இடது கால், அதுவும் சரி. ஏழாவதை அவள் திரும்பத் திரும்ப வாசித்தாள்.

'புட்டும் சூடைமீன் பொரியலும். பொரியலுக்கு நீ உப்புப் போட மறந்திட்டாய்.'

அவன் போன பிறகு மிச்சத்தை வாயில் வைத்தபோதுதான் அது அவளுக்கே தெரிந்தது. எவருக்கும் அவள் சொன்னதில்லை.

கீழே, விளையாட்டின் முறைப்படி, அவளுக்கும் ஒரு கேள்வி இருந்தது.

'அக்கா, பூசைக்கு என்ரை பெயரை எப்ப குடுக்கப்போறாய்?'