பக்கத்து வயல் ஆடு

இங்கிலாந்தின் மேற்கே நாங்கள் குடியிருக்கும் சிற்றூரில் ஹெலனின் ஃபார்ம் ஷாப்புக்குப் போனால், கறிப் பொட்டலத்தின் மேல் அந்த ஆடு எந்த வயலில் மேய்ந்தது என்று எழுதியிருக்கும். தலையைத் திருப்பினால் ஜன்னலுக்கு வெளியே அதே வயல். அதன் கூடப்பிறந்தவை அங்கே மேய்ந்துகொண்டிருக்கும். அக்கம்பக்கத்து விளைச்சலைத் தவிர வேறெதையும் ஹெலன் விற்பதில்லை. வாழைப்பழம் கேட்டால் சிரித்துவிட்டு ஆப்பிளைக் காட்டுவாள். உருளைக்கிழங்கும் முட்டையும் அவளிடம் வாங்கிக்கொண்டு, நானும் என் மனைவி மரியமும் கறிக்கு மட்டும் காரேறி நகரத்து ஹலால் கடைக்குப் போவோம். அங்கே கிடைப்பது நியூசிலாந்திலிருந்து உறைந்து வரும் கறி. கண்ணெதிரே நிற்கும் ஆட்டை விட்டுவிட்டு, உலகத்தின் மறுமுனையிலிருந்து கப்பலில் வந்ததைத் தின்கிறோம். நல்ல கூத்துதான்.

நான் மருத்துவமனை வேலைக்குப் போய்விட்டால் மரியத்துக்குப் பேச்சுத்துணை ஹெலன் ஒருத்திதான். அரைகுறை ஆங்கிலத்தில் அவளோடு சமையல் பேசிவிட்டு வந்தால் அன்று முழுக்க முகம் தெளிவாக இருக்கும். ஒருநாள் ஹெலன் என்னிடம், எங்கள் கறி உங்களுக்கு ஏன் பிடிக்கவில்லை என்று கேட்டாள். பிடிக்காமல் இல்லை, நாங்கள் அறுக்கும் முறை வேறு என்றேன். அதோடு வாயை மூடியிருக்கலாம். நானே வந்து ஒன்றை அறுத்துத் தருகிறேன், எல்லாருமாகச் சாப்பிடலாம் என்று பெரிய உபகாரம் செய்பவனைப் போலச் சொன்னேன்.

அவள் முகம் மாறிவிட்டது. “என் ஆட்டை நீங்கள் வந்து கொல்வீர்களா?” என்றாள்.

எங்கள் ஊர் காயல்பட்டினத்தில் இது சாதாரணம். பக்கத்து ஆறுமுகநேரியில் மளிகைக் கடை வைத்திருந்த சுயம்பு அண்ணாச்சி, வீட்டில் காதுகுத்து வந்தால் காலையிலேயே என் வாப்பாவைத் தேடி வந்துவிடுவார். “பாய், நீங்க வந்து ஓதி அறுத்துட்டுப் போங்க. அப்பதான எல்லாரும் ஒண்ணா உக்கார முடியும்” என்பார். அவர் வீட்டு ஆட்டை வாப்பா பிஸ்மில்லா சொல்லி அறுப்பார். மத்தியானம் எங்கள் தெரு ஆட்கள் அவர் பந்தியில் உட்காருவார்கள். அறுக்கக் கூப்பிடுவதும் வருகிறேன் என்பதும் எங்களுக்கு மரியாதை. இங்கே வீட்டில் அறுத்து ஊருக்குப் பரிமாறச் சட்டம் விடாது. ஹெலனோ ஒவ்வொரு ஆட்டுக்கும் பெயர் வைத்திருக்கிறாள். அறுப்புக்கு லாரி வந்து ஏற்றிப்போகும் நாளில் வெளியே வரவே மாட்டாளாம். அவளிடம் போய்க் கத்தியைப் பற்றிப் பேசியிருக்கிறேன்.

மரியம் கடைக்குப் போவதை நிறுத்திவிட்டாள். அந்த முகத்தை எப்படிப் பார்ப்பது என்றாள். “நீங்க ஏன் அதச் சொன்னிய? எனக்கு இங்கன வேற யாரு இருக்கா?” என்று கேட்டாள். வீடு பாழடைந்ததுபோல் இருந்தது. முட்டையைக்கூட நகரத்தில் வாங்க ஆரம்பித்தோம்.

இலையுதிர்காலத்தில் ஹெலனே வந்து கதவைத் தட்டினாள். களஞ்சியத்தில் ஊருக்கெல்லாம் அறுவடை விருந்து, இரண்டு பேரும் கட்டாயம் வரவேண்டும் என்று மரியத்தின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

நீண்ட மேசையில் ஊரே உட்கார்ந்திருந்தது. நடுவில் அவள் வயல் ஆடு, முழுத் தொடையாக. எங்களுக்கு முன்னால் மட்டும் மூடிவைத்த தனித்தட்டு. எங்கள் ஊர் விருந்தில் ஒரே தாம்பாளத்தில் மூன்று பேர் கைவைத்துச் சாப்பிடுவோம். எனக்குக் கை போகவில்லை. ஹெலன் குனிந்து, “நீங்கள் வாங்கும் கடைக்கே போய்க் கறி வாங்கினேன். புதுப் பாத்திரத்தில்தான் சமைத்தேன். தைரியமாகச் சாப்பிடுங்கள்” என்றாள்.

மரியம் அழுதுகொண்டே சாப்பிட்டாள். ஹெலன் அவள் தோளில் கைவைத்தபடி நின்றாள். சுற்றிலும் எல்லார் தட்டிலும் அந்த மண்ணில் விளைந்தது. எங்கள் தட்டில், அங்கே யாரும் பார்த்திராத, நாங்களும் பார்த்திராத ஒரு தேசத்து ஆடு.