வேறு வேறு வேன்

எனக்கென்று ஓர் அறை ஒரு வாரம் இருந்தது. அதில் நான் ஒருநாளும் படுத்ததில்லை.

அப்போது மூன்றாம் வகுப்பு. நாரணாபுரத்தில் ஒரே வீட்டில் நாங்களும் பெரியப்பா குடும்பமும் இருந்தோம். அடுப்பு ஒன்று. பிள்ளைகள் ஐந்து பேரும் வரிசையாகப் படுப்போம்; யார் கால் யார் மேல் கிடக்கிறது என்பது விடிந்தால்தான் தெரியும். அம்மாவும் பெரியம்மாவும் பட்டாசு வேலைக்குப் போனார்கள், ஆனால் வேறு வேறு கம்பெனிக்கு. ஒரே தட்டில் சாப்பிட்டு, ஒருவருக்கொருவர் தலை பின்னிவிட்டு, தெருமுனைக்குப் போனதும் பிரிந்து ஆளுக்கொரு வேனில் ஏறுவார்கள். சாயங்காலம் இருவர் கழுத்திலும் வெள்ளிப்பொடி மினுங்கும். இவர்கள் நிலாவில் வேலை பார்த்துவிட்டு வருகிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அச்சகத்தில் வேலை பார்த்த அப்பாவுக்குச் சிவகாசிக்குள் தனி வீடு எடுத்துப் போய்விட வேண்டுமென்று ஆசை. ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்களைக் கூட்டிப்போய்க் காட்டினார். மாடியில் சின்ன அறை, இளம்பச்சைச் சுவர், ஜன்னலுக்கு வெளியே வேப்பமரம். "இது ஒனக்கு" என்றார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. அன்றிலிருந்து கண்ணை மூடினால் அந்த அறைக்குள்தான் இருப்பேன். பச்சைச் சுவர் மெல்ல வந்து என்னைச் சுற்றி நிற்கும். வேப்பிலை நிழல் போர்வைமேல் ஆடும். அண்ணன்கள் உருட்டித் தள்ளினாலும் உறைக்காது. அத்தனை பேர் மூச்சுக்கு நடுவே நான் மட்டும் தனியாகத் தூங்குவேன்.

சாமான் கட்டும் பேச்சு வந்த அன்று, அம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். புது வீட்டுப் பக்கம் அம்மாவின் வேன் வராது. அதற்கும் அப்பா வழி வைத்திருந்தார்.

"மதினி கம்பெனி வேன் வாசல்லயே நிக்கும். அங்கனயே ஒனக்கும் வேலை சொல்லிட்டேன். ரெண்டு பேரும் சேந்தே போயிட்டு வரலாம்."

எனக்கு அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. அம்மாவின் கை நின்றுவிட்டது.

"ரெண்டு பேரும் ஒரே கம்பெனியிலயா? என்ன பேச்சுப் பேசுறீக? ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிட்டா, புள்ளைகளுக்கு ஒருத்தியாவது வேணாமா?"

"சரி, வேற கம்பெனி பாப்போம்" என்றார் அப்பா, குரல் இறங்கி.

"கம்பெனி கெடக்கு. அக்கா இங்கன, நாங்க அங்கன. பழக்கம் விட்டுப்போன புள்ள நாளைக்கு அக்கா மடியில போயிப் படுக்குமா? அந்த வீடு வேணாங்க."

பெரியம்மா அடுப்படியிலிருந்து வந்தாள். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பாதிக் கீரையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

என் அறை கண்ணெதிரே கைநழுவிப் போய்க்கொண்டிருந்தது. சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்தால் கதவு திறக்க ஆள் இருக்காது, அதற்குத்தான் அம்மா கவலைப்படுகிறாள் என்று எனக்குத் தோன்றியது. இது ஒரு பெரிய விஷயமா?

"நான் சாவி வச்சிக்கிருவேம்மா" என்றேன், பெரிய மனுஷியாக. "நீங்க யாருமே வராட்டியும் நானே கதவத் தொறந்து, நானே சோறு போட்டுச் சாப்பிட்டுக்கிருவேன்."

அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பெரியம்மா என்னை இழுத்து மடியில் போட்டு இறுக்கினாள், மூச்சு முட்டியது. இவ்வளவு சமர்த்தாகச் சொன்ன பிறகும் இரண்டு பேரும் எதற்கு அழுகிறார்கள் என்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது.