மாலை போட்ட கோச்

இரண்டு பெட்டிகளோடு மாமா எங்கள் வாசலில் வந்து நின்ற காலை இன்னும் அப்படியே கண்ணில் நிற்கிறது. ஒரு பெட்டியில் துணி. இன்னொன்றில் விசில், காற்று இறக்கிய பந்துகள், ஆரஞ்சு நிறக் கூம்புகள், குதிகால் தேய்ந்த பூட்ஸ். எந்த நாட்டிலிருந்து வந்தாலும் இந்த இரண்டாவது பெட்டியை மட்டும் ஆட்டோக்காரர் கையில் கொடுக்க மாட்டார். பெட்டிகளைப் பார்த்ததும் அம்மாவின் முகத்தில் சந்தோஷம் வந்தது, உடனே போய்விட்டது. கார்த்திகை பிறக்கச் சில நாட்களே இருந்தன. மாமா வரக்கூடாத மாதம் அது.

மாமா அம்மாவின் தம்பி. கால்பந்துப் பயிற்சியாளர். எங்கள் சொந்தத்தில் காக்கி போடாத ஆண்கள் குறைவு. விளையாட்டு ஒதுக்கீட்டில் கிடைத்த அந்தக் காக்கியை வாங்கிப் போட்டுவிட்டுத் தானாகக் கழற்றியவர் இவர் ஒருவர்தான். பயிற்சியாளர் சான்றிதழ் வாங்கி, பூட்டானில் ஒரு சின்னக் கிளப்பில் தொடங்கி, தான்சானியா, ஓமன் என்று போய்க்கொண்டே இருந்தார். "ஏட்டாகி இருக்க வேண்டியவன், பந்து பொறுக்கப் போயிட்டான்" என்று கல்யாண வீடுகளில் பேசிக்கொள்வார்கள். அவர் அதைக் கேட்டுச் சிரிப்பார். புதிய நாட்டுக்குப் போனால் முதல் வாரத்தில் மூன்றே சொற்கள்தான் படிப்பாராம்: ஓடு, பொறு, உனக்குப் பின்னால் ஆள். "இது போதும் மருமவளே, மிச்சத்த பந்து பேசிரும்" என்று என்னிடம் சொல்லியிருக்கிறார்.

அவர் போகிற சின்னக் கிளப்புகளில் ஒப்பந்தம் பெரும்பாலும் ஒரு வருடத்துக்குத்தான். கோடையோடு லீக் முடியும், வேலையும் முடியும். ஆனி மாதம் குற்றாலத்தில் சாரல் விழும்போது மாமா ஊருக்கு வந்துவிடுவார். சாரல் நேரத்தில் தென்காசிக்கு வருகிறவனை ஏன் வந்தாய் என்று யாரும் கேட்பதில்லை. "சாரலுக்கு வந்தியாலே?" என்பார்கள், அதோடு சரி. வேலை இருக்கிறதா, போய்விட்டதா, அடுத்தது எங்கே, எதற்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஐந்தருவிக்குப் போனால் போதும். சாரல் முடிவதற்குள் எங்காவது ஒரு கிளப் அழைத்துவிடும். அந்தத் தூறல்தான் இத்தனை வருடமும் அவர் மானத்தைக் காத்தது என்று எனக்குத் தோன்றுகிறது.

அந்த வருடம் லீக் பாதியிலேயே அனுப்பிவிட்டார்கள். அணி தொடர்ந்து தோற்றது, பயிற்சியாளரை மாற்றினார்கள். அந்தத் தொழிலில் இது சாதாரணம் என்றார் மாமா. எங்கள் தெருவில் அது சாதாரணமில்லை. அவர் காப்பி குடித்து முடிப்பதற்குள் எதிர்வீட்டு அத்தை படியேறி வந்துவிட்டாள். "தம்பி இப்ப வந்திருக்கான்? லீவு நேரமில்லையே" என்று அம்மாவைக் கேட்டாள். அம்மா யோசிக்கவே இல்லை. "சபரிமலைக்கு மாலை போடுதான்லா, அதுக்குத்தான் வந்திருக்கான்" என்றாள்.

மாமா கையில் டம்ளரோடு அப்படியே இருந்தார். அவர் அதற்கு முன் மலைக்குப் போனதே இல்லை. அத்தை இறங்கிப் போனதும், "எக்கா, என்னக்கா இது?" என்றார். அம்மா அசையவில்லை. "நீ மாலையப் போட்டுட்டா நான் சொன்னது பொய்யில்லையேலே" என்றாள்.

கார்த்திகை முதல் நாள் இலஞ்சி முருகன் கோயிலில் மாமாவுக்கு மாலை விழுந்தது. கறுப்பு வேட்டி, கறுப்புச் சட்டை, வெறுங்கால். கன்னிசாமி என்பதால் எல்லாரும் அவரிடம் கூடுதல் மரியாதை காட்டினார்கள். தம்பியை வாழ்நாளெல்லாம் ஏலே என்று கூப்பிட்ட அம்மா திணறிப்போனாள். "ஏலே... சாமி, தோசை ஆறுது" என்பாள். மாடியறையை அவருக்கு ஒழித்துக் கொடுத்தோம். அதிகாலையில் தெருச் சாமிகளோடு அருவிக்குப் போவார், வெள்ளம் என்று தடை போட்டிருந்தால் பைப்படியிலேயே குளிப்பார். ஒரு வாரத்தில் தாடி வந்துவிட்டது. எனக்கென்னவோ அவர் முகம் தெளிந்ததுபோலவே இருந்தது. பொய்யில் தொடங்கிய விரதத்துக்குப் பலன் உண்டா என்று நான் மட்டும் உள்ளுக்குள் கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

கவலை அப்போது எனக்கு முழுநேர வேலை. ஐந்து மாதக் கைக்குழந்தையோடு தாய்வீட்டில் இருந்தேன். பிள்ளை தூங்கினால் மூச்சு விடுகிறதா என்று பார்ப்பேன், அப்படிப் பார்த்தே எழுப்பிவிடுவேன். பிறகு தூங்கவில்லையே என்று போனில் தேடுவேன். வீட்டில் யாரும் தும்மக்கூட முடியாது. மிக்சி போடுவதற்கு அம்மா என்னிடம் அனுமதி கேட்க வேண்டியிருந்தது. எம்.எஸ்ஸி. படித்தவள் என்று பெயர், ஆனால் பிள்ளைக்குத் துணி போர்த்தலாமா கூடாதா என்று ஒரு நாளைக்கு எத்தனை தடவை மாற்றி மாற்றி முடிவெடுத்தேனோ தெரியாது. அந்தப் பிள்ளை மாமாவின் தோளில் போட்டால் மட்டும் தூங்கிவிடும். பழைய ஆட்டங்களை மடிக்கணினியில் ஓடவிட்டு, மாடியில் அவர் முன்னும் பின்னும் நடப்பார். அவள் அந்தக் கறுப்புச் சட்டையில் எச்சில் வழியத் தூங்குவாள். மாமாவுக்கு மாலை போட்டுவிட்ட குருசாமி, மலைக்குப் போகிற பெண்களைச் சொல்வதுபோல, அவளை 'மாளிகைப்புறம்' என்றுதான் கூப்பிடுவார்.

கார்த்திகை நடுவில் மாலத்தீவிலிருந்து ஒரு கிளப் அழைத்தது. மழையில் வீட்டு இணையம் போயிருந்ததால் என் போனை வைத்துத்தான் வீடியோ அழைப்பை இணைத்தேன். தலைவர் மீன் ஏற்றுமதி செய்கிறவர், பேச்சு நேராக இருந்தது. அணி பட்டியலில் கடைசியில் இருக்கிறது, இரண்டு ஆட்டம் பாக்கி, ஒன்றிலாவது ஜெயிக்காவிட்டால் கீழ்ப்பிரிவுக்கு இறங்கிவிடும், உடனே புறப்பட்டு வர முடியுமா என்றார். மார்கழியில் மலைக்குப் போய் வந்த பிறகுதான் வர முடியும் என்றார் மாமா. கதவுக்கு வெளியே நின்ற அம்மா நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். பிறகு மாமாவே சொன்னார்: "அந்த ரெண்டு ஆட்டத்தையும் இங்கிருந்தே நடத்துகிறேன். ஜெயித்தால் வேலை கொடுங்கள், தோற்றால் ஒன்றும் வேண்டாம்." தலைவருக்கு வேறு வழியில்லை போலிருக்கிறது. சரி என்றார்.

அன்று சாயங்காலமே அம்மா குருசாமி வீட்டுக்குப் போனாள். அவர் ஓய்வு பெற்ற ஏட்டு. விரதத்தைப் பாதியில் நிறுத்த ஏதாவது வழியிருக்கிறதா என்று கேட்டாளாம். "மாலையக் கழட்டணும்னா வீட்ல ஒரு சாவு விழணும். யாரச் சொல்லுதிய?" என்று அவர் கேட்டிருக்கிறார். அம்மா வந்து கட்டிலில் உட்கார்ந்து, "நான் வாயத் திறந்து அவன் பிழைப்பக் கெடுத்துட்டேன்" என்று அழுதாள். மாமாவோ, "எக்கா, அழுதா கன்னிசாமிக்கு ஆகாது, எந்திரி" என்று சிரித்தார். ஆனால் அன்றைக்கு அவரும் சரியாகச் சாப்பிடவில்லை. நாற்பதைத் தாண்டிய பயிற்சியாளர், பாதியில் அனுப்பப்பட்டவர். இதுவும் போனால் அடுத்து யார் அழைப்பார்கள் என்று அவருக்கும் தெரிந்திருக்கும்.

முதல் ஆட்டம் கேவலமாகப் போனது. மாமா இணைய ஒளிபரப்பைப் பார்த்துக்கொண்டே, மைதானத்தில் நின்ற துணைப் பயிற்சியாளரிடம் போனில் கத்தினார். ஒளிபரப்போ ஒரு நிமிடம் பிந்தி வந்தது. "இடது பக்கத்த மூடு" என்று இவர் கத்தும்போது அங்கே கோல் விழுந்து பந்து நடுவுக்கு வந்திருக்கும். நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பக்கத்துத் தெருவரை போனேன், அங்கும் அவர் குரல் கேட்டது. மூன்று கோல் வாங்கினார்கள்.

இரண்டாவது ஆட்டத்துக்குத் துணைப் பயிற்சியாளரே ஒரு யோசனை சொன்னார். வீடியோ அழைப்பில் வந்து, கேமரா வெளியே தெரியும்படி போனைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். காதில் ஒரு இயர்போன். இப்போது தாமதமில்லை, ஆனால் அவர் நடந்தால் மைதானமே நடந்தது. மாடியறையில் குருசாமியும் நாலைந்து சாமிகளும் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். அம்மா வாசற்படியில். ஆட்டம் தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்பு பிள்ளை மாமாவின் தோளிலேயே தூங்கிப்போனாள். முந்தின இரவு முழுக்க அவள் தூங்கவில்லை. எடுத்தால் விழிப்பாள், எடுக்காவிட்டால் மாமா கத்த முடியாது. எடுக்கலாமா வேண்டாமா என்று கைகளை நீட்டுவதும் இழுப்பதுமாக நின்றேன். கடைசியில், வெட்கமில்லாமல், "சாமி, மெதுவா பேசுங்களேன்" என்று சொல்லிவிட்டேன். ஒரு மனிதரின் வேலை தொங்கிக்கொண்டிருக்கும்போது சொல்லக்கூடிய சொல்லா அது? ஆனால் மாமா தலையை ஆட்டினார். அன்று ஆட்டம் முழுவதையும் கிசுகிசுத்த குரலில் நடத்தினார்.

அவர் கிசுகிசுத்தால் துணைப் பயிற்சியாளரும் கிசுகிசுத்தார். வெளியில் கத்துகிறவர்களே இல்லாத ஆட்டத்தில் பையன்கள் நிதானமாக ஆடினார்கள். பந்தைக் கிடைத்த பக்கம் உதைக்காமல் கால் மாற்றிக் கொடுத்தார்கள். "பொறு... பொறு..." என்று மாமா என் மகளின் முதுகைத் தட்டியபடி சொல்வது எனக்கே தாலாட்டுப்போலக் கேட்டது. இடைவேளை வரை யாருக்கும் கோல் இல்லை. இடைவேளைக்குப் பிறகும் இல்லை. நேரம் கரைந்தது. சமன் போதாது, ஜெயிக்க வேண்டும்.

முடிய ஐந்தாறு நிமிடம் இருக்கும்போது திரையில் திடீரென்று வானம் தெரிந்தது. பிறகு புல். பிறகு ஒன்றுமே தெரியவில்லை. போன் சட்டைப்பையிலிருந்து விழுந்துவிட்டது. பெரிய சத்தம் மட்டும் வந்தது. யாரோ கோல் போட்டிருக்கிறார்கள். யார்? சாமிகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அம்மா சேலைத்தலைப்பை வாயில் வைத்துக் கடித்தாள். "நம்ம பயலுவதானா?" என்று குருசாமி காற்றாகக் கேட்டார். பிள்ளையின் முதுகில் இருந்த மாமாவின் கை தட்டுவதை நிறுத்தியிருந்தது. புல்லை விலக்கிக்கொண்டு ஒரு கை வந்தது, பிறகு துணைப் பயிற்சியாளரின் முகம். அழுதுகொண்டிருந்தார். தோல்வியென்றே நினைத்தேன். அவர் ஒரு விரலைத் தூக்கித் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார்.

மாடியறையில் நடந்தது நான் வாழ்க்கையில் பார்த்த மிக அழகான காட்சிகளில் ஒன்று. கறுப்பு வேட்டி கட்டிய ஆண்கள் அத்தனை பேரும் சத்தமே இல்லாமல் எழுந்து குதித்தார்கள். வெறுங்கால்கள் பாயில் மெத்தென்று விழுந்தன. ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு, வாயை மட்டும் அசைத்துச் சரணம் சொன்னார்கள். பிள்ளை தூங்குகிறதே என்ற ஒரே காரணத்துக்காக. அம்மா ஊமைபோலக் கைகளை ஆட்டினாள். எல்லாரும் எனக்குப் பயந்து அப்படி இருந்தார்கள்.

அப்போது தெரு அதிரும்படி ஓர் அலறல் கேட்டது. அது என் குரல்தான் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

மகள் திடுக்கிட்டு விழித்து, தலையைத் தூக்கி எல்லாரையும் பார்த்து, உதட்டைப் பிதுக்கி, முழு மூச்சாக அழத் தொடங்கினாள். நான் வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன். மாமா அவளை என் கையில் கொடுத்தார். கண்கள் கலங்கியிருந்தன, தாடிக்குள் சிரிப்பு இருந்தது.

"இன்னும் அஞ்சு நிமிசம் கெடக்கு மருமவளே. இனிமே நான் கத்தலாம்லா?" என்றார்.

கத்துங்கள் என்றேன். கத்தினார்.